தூரத்துக்கு ஒரே ஒரு கட்டம்

எங்கள் ஊரில் ஓர் இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் யாரும் கிலோமீட்டரில் பதில் சொல்ல மாட்டார்கள். ஹேவ்லாக் தீவு போட்டில் இரண்டரை மணி நேரம். ரங்கத் என்றால், விடிகாலை பஸ்ஸைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். சென்னை கப்பலில் மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரம். ஒரே சென்னைக்கு எப்படி இரண்டு தூரம் இருக்க முடியும் என்று போர்ட் பிளேரில் ஒருவரும் கேட்டதில்லை. படிப்புக்காகக் கடல் தாண்டி மெயின்லேண்ட் போகும்வரை நானும் கேட்டதில்லை. அங்கே விடுதியில் என் அறையில் இருந்தவள், "உங்க ஊரு எவ்வளவு தூரம்?" என்றாள். "மூணு நாள்" என்றேன். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறைதான்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. ஒருவர் ஓர் இடத்தைத் தன் மனத்துக்குள் எப்படி வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வதில் எனக்கு அப்படியொரு ஆசை. பிழைப்பும் அதிலேயே அமைந்துவிட்டது. ஹேடோவில் மேட்டின் மேல் இருக்கும் ஓர் அலுவலகத்தில், கணினியில் வரைபடம் போடும் பிரிவில் வேலை. ஜன்னல் வழியாகத் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் திரையில் விரித்து, அதன் மேல் சாலை, ஓடை, படகு அணையும் ஜெட்டி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் மவுஸால் இழுத்து வரைய வேண்டும். வெளியே சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மையில் நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்ளும் வேலை.

கணினிக்கு இடம் என்றால் இரண்டு எண்கள், அவ்வளவுதான். வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு. அந்த இரண்டையும் கொடுத்துவிட்டால், உலகத்தையே அறிந்துகொண்ட தோரணையில் ஒரு புள்ளியை வைத்துவிடும். ஏற்றம், இறக்கம், மழையில் வழுக்கும் பாசி, எதுவும் நாமாகச் சொன்னால் ஒழிய அதற்குத் தெரியாது. எங்கள் ஊரோ மேடும் பள்ளமுமான ஊர். இங்கே வடக்கு, தெற்கு என்று பேசுகிறவர்கள் கப்பல்காரர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் ஊப்பர், நீச்சே என்று இரண்டே திசை. ஊப்பர் போங்க, தண்ணி டேங்க் வரும், அங்கேர்ந்து நீச்சே இறங்குங்க. தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி, யாராக இருந்தாலும் மேலே கீழே என்ற அந்த இரண்டு ஹிந்திச் சொற்களை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றி வந்துவிடுவார்கள்.

டாலிகஞ்சில் எங்கள் சந்தின் முனையில் செங்குத்தாக ஒரு படிக்கட்டு இறங்குகிறது. போனில் இருக்கும் மேப்பில் அது சாலை. யாரோ என்னைப் போன்ற ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்து கோடு இழுத்திருக்கிறாள். கோடு என்றால் கணினிக்கு வழி. வழி என்றால் வண்டி போகலாம். அடிக்கடி ஒரு ஜோடி வாடகை ஸ்கூட்டரில் வந்து படிக்கட்டின் தலையில் நின்று முழிக்கும். பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமானவர்கள். "மேப்ல ரோடுன்னுதானே காட்டுது" என்று போனை என்னிடம் நீட்டுவார்கள். "ரோடுதான். ஸ்கூட்டரைத் தலையில வச்சுக்கிட்டு இறங்குங்க" என்பேன். பெண் சிரித்துவிடும். மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிப்போகும். பாவம் என்று பிறகு சுற்றுவழியைச் சொல்லி அனுப்புவேன்.

அலுவலக கேன்டீனில் ஒருமுறை வேடிக்கையாக ஒன்று செய்தேன். டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் தாளைக் கொடுத்து, எதையும் பார்க்காமல் நம் தீவுகளை வரையச் சொன்னேன். எல்லோருமே போர்ட் பிளேரைப் பெரிய பூசணிக்காய் அளவுக்குப் போட்டார்கள். நிக்கோபாரிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் பூசணிக்காயைத் தெற்கே போட்டு, போர்ட் பிளேரை ஒரு சுண்டைக்காயாக்கிவிட்டார். அருகில் இருக்கும் பர்மாவை ஒருவரும் வரையவில்லை. அத்தனை தூரத்தில் இருக்கும் சென்னையும் கல்கத்தாவும் தாளின் ஓரத்தில் பக்கத்துத் தெரு மாதிரி வந்து நின்றன. சிரித்தேனே தவிர, அந்தத் தாள்களைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. ஒன்றுகூடத் தப்பு இல்லை என்று தோன்றியது.

என் தங்கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என்னைவிட ஏழு வயது சின்னவள். போர்ட் பிளேரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜங்லிகாட்டில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். அவள் வீட்டுக்காரர் மெயின்லேண்ட் போய்வரும் கப்பலில் வேலை; மாதத்தில் பாதி நாள் கடலில். நாலரை வயதில் ஒரு மகள். குழந்தைக்கு மூச்சிரைப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் திடீரென்று நெஞ்சுக்கூடு ஏறி இறங்கும்; உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் புகை மருந்து வைக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. பேச்சில் என்னையே மிஞ்சுவாள்.

எங்கள் தீவுகளில் நர்ஸ் வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது நகரத்தை விட்டு வெளியே போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு வர வேண்டும். அந்த வருடம் தங்கையின் முறை வந்தது. யாருக்கு எந்த ஊர் என்பதைக் கணினியே முடிவுசெய்யும் என்று புதிதாக அறிவித்தார்கள். விதி சுலபம். காலியாக இருக்கும் ஊர்களைப் போர்ட் பிளேரிலிருந்து பக்கம், தூரம் என்று கணினி வரிசைப்படுத்தும். அதிக வருடம் வேலை பார்த்தவர்களுக்குப் பக்கத்து ஊர், புதியவர்களுக்குத் தூரத்து ஊர். நிக்கோபார் பக்கம் இந்தக் கணக்கில் சேரவில்லை. போக வேண்டியவர்களில் கடைசி ஆள் என் தங்கை.

"அப்ப எனக்கு டிக்லிப்பூர்தான் அக்கா, பக்கா" என்றாள். வடக்கே கடைசி ஊர் அதுதான். பஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரம். ஆனால் அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. டிக்லிப்பூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, டாக்டர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் இருக்கிறது. குழந்தையைக் கூடவே கூட்டிக்கொண்டு போகலாம். அவளோடு படித்த ஒரு தெலுங்குக்காரப் பெண் அங்கே இருந்தாள். மார்க்கெட் பக்கத்தில் வீடு பார்த்துவைத்துவிட்டாள். தங்கை என் தாளில் டிக்லிப்பூரை வரைந்து காட்டினாள். வீடு, வீட்டுக்கு எதிரே கடை, கடையிலிருந்து நாலு கோடு தள்ளி ஆஸ்பத்திரி. போகாத ஊரை அவள் அவ்வளவு துல்லியமாக வைத்திருந்தாள். குழந்தையை விட்டுப் பிரியாமல் இரண்டு வருடத்தை ஓட்டிவிட முடியும் என்பதுதான் அந்தப் படத்தில் அவள் கண்ட ஒரே விஷயம்.

இந்த நிலையில்தான் ஊர்களின் தூரத்தைத் தரச் சொல்லி எங்கள் பிரிவுக்கு வேலை வந்தது. என்னிடம் கொடுத்தார்கள். எங்கள் அதிகாரி வங்காளி. குடும்பம் கல்கத்தாவில், அவர் மட்டும் இங்கே குவார்ட்டர்ஸில். ஹிந்தியில் மெதுவாகப் பேசுவார். "பத்து நிமிஷ வேலை. புள்ளியைக் கொடு, கணினியே அளந்துகொள்ளும்" என்றார். கொடுத்தேன். அளந்தது. நேர்க்கோட்டில் அளந்தது. முதலில் பேம்பூஃபிளாட். சரி, எதிர்க்கரைதான், சாத்தாம் ஜெட்டியிலிருந்து படகில் ஏறினால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். இரண்டாவது இடத்தில் வந்து நின்றது ஒரு சின்னத் தீவு. பார்த்ததும் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள். என் மேல் வருத்தப்படுவார்கள். படத்தில் போர்ட் பிளேருக்குக் கட்டைவிரல் அகலத்தில் கிடக்கிறது. ஆனால் போட் புதனும் சனியும் மட்டும். காலையில் போகும், மதியம் திரும்பிவிடும். காற்று அடித்தால் அதுவும் கிடையாது. ஒரு நர்ஸ், ஓர் உதவியாள், டாக்டர் இல்லை. அதைப் 'பக்கம்' என்று சொல்லி, வேலையில் இரண்டாவது மூத்தவரான ஒரு நர்ஸம்மாவுக்குக் கணினி கொடுத்துவிடும். தங்கையின் வார்டில் எல்லோரும் பெரிய சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள் அவரை. முழங்கால் வலி. வீட்டுக்காரரை வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியவர்.

அதிகாரியிடம் போனேன். "சார், நேராப் பறந்து போற காக்கா அங்கே வேலைக்குப் போனால் இந்தக் கணக்கு சரி. மனுஷங்க போறாங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேறென்ன போடலாம்?"

"மணிக்கணக்கு. எங்க ஊரில் எல்லோரும் அதைத்தான் சொல்றாங்க."

"ஆதாரம் வேண்டும். எல்லோரும் சொல்கிறார்கள் என்று நான் கையெழுத்துப் போட முடியாது. இன்னொன்று, அவர்களுடைய கணினியில் ஓர் ஊருக்கு ஒரே ஒரு கட்டம்தான். ஓர் எண்தான் எழுதலாம். மழைக்காலம், வெயில்காலம், போட், பஸ் என்று கதை எழுத இடம் இல்லை."

கோபம் போய் ஆர்வம் வந்துவிட்டது. என் புத்தி அப்படி. அடுத்த சில நாட்கள் ஜெட்டிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடையாய் நடந்தேன். போட் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று பலகையில் எழுதியிருக்கிறது. உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று டிக்கெட் கிழிப்பவருக்குத் தெரியும். வடக்கே போகும் சாலையில் ஜிர்காடாங் கேட்டைக் குறிப்பிட்ட நேரங்களில்தான் திறப்பார்கள். வண்டிகள் எல்லாம் சேர்ந்து கான்வாயாகத்தான் காட்டுக்குள் போக வேண்டும். அந்த நேரத்தை ஐந்து நிமிடம் தவறவிட்டால் ரங்கத் சட்டென்று இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப் போய்விடும். ஊர் அங்கேயேதான் இருக்கிறது. நாம் ஐந்து நிமிடம் பிந்தியதற்கு அது நகர்ந்துவிடுகிறது. இதைக் கணினியிடம் எப்படிச் சொல்வது என்று பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்டக்டர் நான் ஏறுகிறேனா இல்லையா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத் திட்டினார்.

எல்லாவற்றையும் திரட்டிய பிறகு ஒரு சிக்கல் வந்தது. அந்தச் சின்னத் தீவுக்குப் போவது ஜெட்டியிலிருந்து ஜெட்டிக்கு மூன்று மணி நேரம். ஆனால் அங்கிருந்து கிளம்பி வருவது? சனிக்கிழமை போட்டை விட்டுவிட்டால் புதன் வரைக்கும் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்றல்ல. கட்டமோ ஒன்றே ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். சமையலறையில் தரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் செதிலைப் பொறுக்கி நகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தீவின் பெயரையோ வரிசையையோ நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. பொதுவாகக் கேட்டேன். "ஒரு ஊருக்குப் போற நேரம் வேற, வர்ற நேரம் வேறன்னு வையி. ஒண்ணுதான் எழுதலாம்னா எதை எழுதுவே?"

அவள் தலையைத் தூக்கக்கூட இல்லை. "அரே, இதுல சோச்சுப் பாக்க என்ன இருக்கு? போறதை நாள் பாத்து, டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டிப் போவோம். வர்றதுக்கு நாள் பாக்க முடியுமா? புள்ளைக்கு மூச்சு வாங்குதுன்னு போன் வந்தா அந்த நிமிஷம் கெளம்பணும். கெளம்பணும்னு தோணினதுலேர்ந்து வீட்டுக் கதவு வரைக்கும் எவ்வளவோ, அதுதான் அக்கா தூரம். மத்ததெல்லாம் டூரிஸ்ட்டுக்கு."

எங்கள் ஊரில் யாராவது வேறு தீவுக்குக் கிளம்பினால் வழியனுப்ப வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, வாபஸ் டிக்கெட் இருக்கா என்பதுதான். போக டிக்கெட் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த கேள்வி. அதற்குள்தான் தூரத்தை அளக்கும் கோல் இருக்கிறது என்று எனக்கு உறைக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. மீன் குழம்பை இரண்டாம் தடவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலை புதிய கணக்கைப் போட்டேன். வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒருவருக்கு எந்த நேரத்தில் வேண்டுமானாலும் தோன்றலாம். தோன்றிய நேரத்திலிருந்து அடுத்த வண்டிக்குக் காத்திருப்பது, காற்றால் நின்றுபோகும் நடை, பயணம், எல்லாம் சேர்த்து, சராசரியாக. டிக்லிப்பூருக்கு ஒரு நாளும் கொஞ்சமும் வந்தது. தினமும் பஸ் இருக்கிறதே. ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கெல்லாம் அரை நாளுக்குக் குறைவு. பிறகு வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினேன். வரிகள் மேலும் கீழும் நகர்ந்து நின்றன. நேர்க்கோட்டில் இரண்டாவதாக இருந்த சின்னத் தீவு விறுவிறுவென்று இறங்கி, ரங்கத்தைத் தாண்டி, மாயாபந்தரைத் தாண்டி, டிக்லிப்பூருக்கும் கீழே போய் அடியில் உட்கார்ந்தது. கடைசி ஊர்.

கடைசி ஆள் என் தங்கை.

இதை நான் முன்கூட்டி யோசிக்கவே இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டும். என்ன செய்தாலும் டிக்லிப்பூர்தான் கடைசி என்று அவளைப் போலவே நானும் நினைத்திருந்தேன். டாக்டர் இல்லாத இடத்துக்கு மூச்சிரைக்கும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அப்படியென்றால் இரண்டு வருடம் குழந்தை ஒரு கரை, தாய் ஒரு கரை. அந்தக் கட்டத்தில் வருகிற நேரத்தை அழித்துவிட்டுப் போகிற நேரத்தை எழுதினால் போதும். தீவு மறுபடி மேலே ஏறிவிடும். யாரும் கேட்கப் போவதில்லை. மூன்று மணி நேரம் என்பதும் உண்மைதானே. அன்று மதியம் வரை அந்த ஒரு கட்டத்தை அழிப்பதும் எழுதுவதுமாக உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் கணினி முகம் சுளிக்காமல் வரிசையை மாற்றிக் கொடுத்தது.

சாயங்காலம் ஜங்லிகாட் போய் அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாத விஷயம்தான். அவளிடம் சொல்லாமல் கட்டத்தை நிரப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

"போற நேரத்தைப் போடு" என்றாள் உடனே.

"போடலாம். அப்ப அந்தத் தீவு பக்கம்னு ஆயிடும்."

"ஆகட்டும். எனக்கென்ன?"

"பக்கத்து ஊரு மூத்தவங்களுக்கு. பேம்பூஃபிளாட் முதல் ஆளுக்கு. அடுத்தது உங்க பெரிய சிஸ்டருக்கு."

அவள் முகம் மாறியது. கீழே தெருவில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கொடியில் கிடந்த குழந்தையின் சட்டையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அவங்க வீட்டுக்காரர் வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவங்க இல்லாம யாரு கூட்டிட்டுப் போவா?" என்றாள்.

மடித்த சட்டையைத் தூக்கிக் கொடியில் வீசினாள்.

"நீ பாகல் அக்கா, சுத்தப் பைத்தியம். ஒழுங்கா காக்கா கணக்கையே கொடுத்துத் தொலைச்சிருந்தா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது. அவங்க பாட்டுக்குப் போயிருப்பாங்க, நான் பாட்டுக்கு டிக்லிப்பூர் போயிருப்பேன். இப்ப எல்லாத்தையும் சொல்லி என் தலையில கட்டிட்டு, முடிவை நானே சொல்லணுமா? சொல்ல மாட்டேன். எதையோ எழுது. என்கிட்ட வராதே."

அழுதாள். நானும் அழுதேன். குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மீன் முள் குத்திவிட்டதா என்று கேட்டது.

மறுநாள் வருகிற நேரத்தை எழுதி அதிகாரியிடம் கொடுத்தேன். நியாயம், தர்மம் என்றெல்லாம் நினைத்து எழுதவில்லை. அது சரியான எண். சரியான எண் என்று தெரிந்த பிறகு வேறொன்றை எழுத என் விரல் வரவில்லை, அவ்வளவுதான். அவர் வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் தலைகீழாக இருக்கிறதே" என்றார். விளக்கிச் சொன்னேன், தங்கை சொன்ன அதே வார்த்தைகளில். என் தங்கைக்கு எந்த ஊர் வரும் என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கால்குலேட்டரை எடுத்து என்னவோ தட்டினார்.

"கல்கத்தாவுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம் என்று இத்தனை வருடமாக என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். லீவு சாங்ஷன் ஆக ஒரு மாதம். உன் கணக்குப்படி அதையும் சேர்க்க வேண்டும், இல்லையா?"

"சேர்க்கணும் சார்."

"அதனால்தான் அவள் நம்பவில்லை" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பட்டியல் வந்தது. ஒரு மாற்றமும் இல்லை. தங்கைக்கு அந்தத் தீவு. குழந்தை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்தால் ஆஸ்பத்திரி பக்கம்தான். என் வீட்டுக்காரருக்குக் குழந்தைகள் என்றால் உயிர். எங்களுக்கென்று ஒன்று இல்லாதது அவருக்கு எப்போதும் ஒரு குறை. ஒரு புதன்கிழமை காலை ஜெட்டியில் தங்கையை வழியனுப்பினோம். பக்கத்தில் நின்ற யாரோ வழக்கம்போல, வாபஸ் எப்போ என்று கேட்டார்கள். தங்கை பதில் சொல்லாமல் ஏறிவிட்டாள். அப்பா கப்பலில் போவதைப் பார்த்துப் பழகிய குழந்தை தாராளமாகக் கையாட்டியது. போட் கிளம்பி முகம் திரும்பியதும் நான்தான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தீவில் ஜெட்டியின் நுனியில் நின்றால் மட்டும் போனில் சிக்னல் கிடைக்கும். அங்கிருந்து கூப்பிடுவாள். சாப்பிட்டாளா, மருந்து கொடுத்தியா, கொடு அவகிட்ட. என்னிடம் அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு மாற்றாக யாராவது போனால், ஒரு புதன்கிழமை போட்டில் வந்து சனிக்கிழமை போட்டில் போகலாம். எந்தப் புதன் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் எல்லாப் புதன்கிழமையும் பள்ளி விட்டதும் நானும் குழந்தையும் ஜெட்டிக்குப் போய் நிற்போம். சில புதன்களில் வந்தாள். பல புதன்களில் தேங்காயோ கருவாட்டுப் பொட்டலமோ மட்டும் யாரோ கையில் கொடுத்தனுப்பியிருப்பாள்.

நானோ குழந்தைக்கு ஊரைப் புரியவைக்க என் வித்தையெல்லாம் காட்டினேன். வீட்டுக் கணினியில் வரைபடத்தைத் திறந்து, "இதோ நம்ம வீடு, இதோ அம்மா" என்று கட்டைவிரலால் அளந்து காட்டினேன். அவள் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். "இவ்ளோ பக்கமா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப ஏன் வரல?" என்றாள். கணினியை மூடிவிட்டேன். அதற்கு மேல் அதில் காட்ட எனக்கு ஒன்றும் இல்லை.

மழை தொடங்கியபோது எங்கள் சந்தில் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தது. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். ஒரு திங்கட்கிழமை நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்கம்மா எங்க இருக்காங்க?"

"புதன்கிழமைல."

அவர் சிரித்தார். "இல்லடா கண்ணு, எந்த ஊர்ல?"

புரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமையோடு குழந்தை விளையாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்தது. "எங்கம்மா புதன்கிழமைல இருக்காங்க ஆன்ட்டி. இன்னைக்குத் திங்கள். நாளைக்குச் செவ்வாய். அதைத் தாண்டினா அம்மா."

துணியோடு நான் அப்படியே நின்றேன். ஜெட்டியிலும் பஸ் ஸ்டாண்டிலும் அலைந்து நான் கண்டுபிடித்ததை, கணினியில் ஏற்றுவதற்குள் நான் பட்ட பாட்டை, இவள் போட் வருகிற நாட்களைப் பார்த்தே தனக்குத் தானே வரைந்து வைத்திருக்கிறாள். பெருமையாகவும் இருந்தது, கஷ்டமாகவும் இருந்தது.

அன்று தங்கை கூப்பிட்டபோது, சாப்பிட்டாளா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இதைச் சொன்னேன். மறுமுனையில் காற்று இரைந்தது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துப் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றாள். "அக்கா, இங்க காத்து ஏறிட்டே இருக்கு. புதன்கிழமை போட் வராதுன்னு பேசிக்கிறாங்க. அம்மா இந்த வாரம் சனிக்கிழமைக்கு மாறிட்டாங்கன்னு அவகிட்ட இப்பவே சொல்லிடு. புதன்கிழமை வந்து அங்க தேடிக்கிட்டு நிக்கப் போறா."